முடித்த பிறகுதான் காட்டுவேன்

வாசகர் கடிதம்:

"வணக்கம் மேடம். பல்கலைக்கழகத்தின் நுண்கலைத் துறையில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஓவியம்தான் முதன்மைப் பாடம். பள்ளியில் நன்றாக வரைபவள் என்று பெயர் வாங்கியவள் நான். யார் முகத்தையும் அச்சு அசலாக வரைந்துவிடுவேன். இங்கே வந்த பிறகு அதை யாரும் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. போன கிரிட்டிக்கில் (வரைந்ததை எல்லார் முன்னாலும் வைத்து விமர்சிக்கும் வகுப்பு) என் படத்தின் முன்னால் நின்ற ஆசிரியர், 'கை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இதில் நீ எங்கே?' என்று கேட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். என் அளவுக்கு வரையத் தெரியாத சிலர் தங்கள் படங்களைப் பற்றி நீளமாகப் பேசுகிறார்கள், ஆசிரியர்களும் நின்று கேட்கிறார்கள். எனக்கென்று ஒரு பாணி இல்லாததுதான் பிரச்சினையா? அதை எப்படிக் கண்டுபிடிப்பது? இப்போது ஸ்டுடியோவுக்கு அதிகம் போவதில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் விடுதி அறையில் இரவில் வரைந்து, முடித்த பிறகுதான் வகுப்புக்கு எடுத்துப் போகிறேன். எண்ணெய் வண்ணத்தைக் கரைக்கும் டர்பன்டைன் வாசனையில் தலைவலிக்கிறது என்று அறைத்தோழியோடு சண்டை வேறு. பேசாமல் டிசைன் துறைக்கு மாறிவிடலாமா? இன்னொன்று: என் ஸ்கெட்ச்புக்கில் பிடிக்காத பக்கங்களைக் கிழித்துவிட்டேன். செமஸ்டர் முடிவில் அதையும் காட்ட வேண்டுமாம். என்ன செய்வது?"

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

பாணி, கிரிட்டிக், துறை மாற்றம், ஸ்கெட்ச்புக் என்று நான்கு விஷயங்களைக் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் கடிதத்தில் என்னை நிறுத்தியது நீங்கள் கேள்வியாகக் கேட்காத ஒரு வரி: இரவில் அறையில் வரைந்து, முடித்த பிறகுதான் எடுத்துப் போகிறேன் என்பது. மற்ற நான்கும் ஏதோ ஒரு வழியில் இதிலிருந்துதான் கிளம்புகின்றன என்று நினைக்கிறேன்.

அதற்கும் முன்னால் டர்பன்டைன். இது அவசரம் என்பதால் முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அறைத்தோழி சொல்வதுதான் சரி. தூங்குகிற அறையில் டர்பன்டைனைத் திறந்து வைத்து வேலை செய்யக் கூடாது. அதன் ஆவி தலைவலியும் மயக்கமும் தரும், கண்ணையும் மூச்சுக்குழலையும் உறுத்தும். நீங்கள் படத்தை முடித்துவிட்டுப் படுத்த பிறகும் ஆவி அறைக்குள்ளேயே இருக்கும். வாசனையில்லாத தின்னர் வாங்கினால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொல்லலாம். அதில் வாசனைதான் குறைவு, ஆவி இருக்கவே செய்கிறது.

இதைவிட மோசமானது எண்ணெய் துடைத்த துணி. எண்ணெய் வண்ணத்தில் இருக்கும் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது, அப்போது வெப்பம் வெளிப்படுகிறது. துணியை விரித்துப் போட்டால் அந்தச் சூடு போய்விடும். கசக்கிக் குப்பைக்கூடையில் திணித்தால் சூடு உள்ளேயே தேங்கி, யாரும் தீக்குச்சி கிழிக்காமலே துணி பற்றிக்கொள்ளக்கூடும். ஸ்டுடியோவில் மூடியுள்ள இரும்புத் தொட்டி ஒன்று மூலையில் இருக்குமே, அது இதற்காகத்தான். சுவரில் ஓடும் எக்ஸாஸ்ட் விசிறியும் அப்படித்தான். விடுதி அறையில் இரண்டும் கிடையாது. அறையில் வரைந்தே ஆக வேண்டும் என்றால் பென்சில், மை, நீர்வண்ணம், சின்ன அளவில் அக்ரிலிக், இவை போதும். பேஸ்டல் வேண்டாம். அந்தத் தூளை ஊதித் தள்ளும் பழக்கம் எல்லாருக்கும் உண்டு, ஊதியது மூச்சில்தான் திரும்பி வரும். எண்ணெய் வண்ணத்தை ஸ்டுடியோவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அங்கேகூடத் தூரிகையை முதலில் சமையல் எண்ணெயில் அலசித் துடைத்து, அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவிப் பாருங்கள். டர்பன்டைன் தேவையே வெகுவாகக் குறைந்துவிடும்.

சரி, இப்போது ஸ்டுடியோ.

ஓவியம் சொல்லிக்கொடுக்கும் இடங்களின் வரலாற்றைப் பார்த்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. 19ஆம் நூற்றாண்டுப் பாரிஸின் ஓவியப் பட்டறைகளில் பெரிய ஓவியர் வாரத்துக்கு ஓரிரு முறைதான் வருவார். சுற்றி வந்து திருத்திவிட்டுப் போய்விடுவார். மற்ற நாட்களில் புதிதாகச் சேர்ந்தவர்கள் பக்கத்து ஈஸலில் (படத்தை நிறுத்தி வரையும் சட்டம்) நின்ற மூத்த மாணவர்களைப் பார்த்துத்தான் கற்றார்கள். 1919இல் ஜெர்மனியின் வைமாரில் பௌஹவுஸ் என்ற கலைப்பள்ளி தொடங்கியபோது ஒவ்வொரு பட்டறைக்கும் இரண்டு ஆசிரியர்கள் இருந்தார்கள். ஒருவர் வடிவத்தைச் சொல்லிக்கொடுக்கும் ஓவியர், இன்னொருவர் பொருளைக் கையாளத் தெரிந்த கைவினைஞர். அதே 1919இல் சாந்திநிகேதனில் தாகூர் கலா பவனம் என்ற கலைப்பள்ளியைத் தொடங்கினார். அங்கே ஆசிரியரும் மாணவர்களும் சேர்ந்து வளாகத்துச் சுவர்களில் வரைந்தார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று இடங்கள். மூன்றிலும் வேலை நடக்கும்போதே அடுத்தவர் பார்க்கும்படி வைத்திருந்தார்கள். பாடத்திட்டத்தில் எழுதாத பாதிப் பாடம் அதுதான்.

நீங்கள் அந்தப் பாதியை விட்டுவிட்டு மீதிப் பாதிக்கு மட்டும் போகிறீர்கள். முடித்த படத்தை ஆசிரியர் முன்னால் வைத்தால் அவர் என்ன செய்ய முடியும்? நன்றாக இருக்கிறது என்பார், இல்லை என்பார், அல்லது 'இதில் நீ எங்கே' என்று விடுகதை போடுவார். வண்ணம் காய்ந்துவிட்டது, ஓரம் மடித்தாகிவிட்டது, அவர் கை வைக்க இடமில்லை. அதே படத்தை மூன்றாவது மணி நேரத்தில் பார்த்திருந்தால், "இந்த நிழலை இப்படியே விடு, இனி தொடாதே" என்றோ "முகத்தைவிட அந்தத் தோள்தான் எனக்குப் பிடித்திருக்கிறது" என்றோ சொல்லியிருப்பார். நீங்கள் எதிர்பார்க்கிற ஆலோசனை அந்த மாதிரி வாக்கியங்களில்தான் கிடைக்கும். அவை நடுவில் மட்டும்தான் வரும்.

பக்கத்து ஈஸல்காரர் கற்றுக்கொடுப்பதும் அப்படித்தான். ஒருத்தி நாள் முழுக்க வரைந்த கேன்வாஸின் பாதியைப் பேலட் கத்தியால் சுரண்டி எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் போதும், படத்தை இழக்கவும் துணியலாம் என்பது புரிந்துவிடும். அதை எந்த ஆசிரியரும் விரிவுரையாகச் சொல்ல முடியாது. தவறுதலாகக் கலந்த ஒரு சாம்பல் நிறத்தைப் பார்த்து, "இது எப்படி வந்தது?" என்று எட்டிக் கேட்பதும் அறைக்குள் நடக்காது.

நான் அச்சுக்கலை சொல்லிக்கொடுப்பவள், அதனால் எனக்கு இதில் கொஞ்சம் பாரபட்சம் உண்டு. எங்கள் தொழிலில் பாதி வேலையைக் காட்டுவது முறையாகவே இருக்கிறது. உலோகத் தகட்டில் கொஞ்சம் கீறுவோம், மை பூசி ஒரு ப்ரூஃப், அதாவது சோதனை அச்சு, எடுத்துப் பார்ப்போம், மறுபடி கீறுவோம். ஒவ்வொரு கட்டத்துக்கும் 'நிலை' என்று பெயர். 1653இல் டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் செம்புத் தகட்டில் ஊசியால் நேரடியாகக் கீறி எடுத்த 'மூன்று சிலுவைகள்' அச்சுப்படத்தைத் தேடிப் பாருங்கள். முதல் மூன்று நிலைகளில் சிலுவைகளைச் சுற்றிக் கூட்டம், மேலிருந்து விழும் ஒளி, ஒவ்வொரு ஆளும் தெளிவாகத் தெரிகிறார். நான்காவது நிலையில் அவரே பலரைச் சுரண்டி எடுத்துவிட்டார், சிலரை மாற்றிவிட்டார், தகட்டின் பெரும்பகுதியைத் தடித்த கோடுகளால் இருட்டில் மூழ்கடித்துவிட்டார். முதல் நிலைகளே எந்தக் கலைஞருக்கும் போதுமானவை. அவர் அங்கே நிற்கவில்லை. எல்லா நிலைகளும் காகிதத்தில் தங்கிவிட்டதால் அவர் மனம் மாறியதை இன்று நாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். ஓவியர்களுக்கு அந்த வசதி இல்லை, அடியில் இருந்தது மறைந்துவிடும். உங்களிடம் தொலைபேசி இருக்கிறது. ஒவ்வொரு முறை எழுந்திருக்கும்போதும் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

இத்தாலிய ஓவியர் மொராண்டியும் படுக்கையறையில்தானே வரைந்தார் என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். பொலோன்யாவில் தன் சகோதரிகளோடு வாழ்ந்த வீட்டில், தூங்கும் அறையிலேயே அந்தப் பாட்டில்களையும் கிண்ணங்களையும் வைத்து வரைந்தார். ஆனால் அதே மனிதர் 1930 முதல் 1956 வரை அந்த ஊரின் கலை அகாதெமியில் எட்சிங் (தகட்டை அமிலத்தால் அரித்து அச்செடுக்கும் முறை) ஆசிரியராக இருந்தார். பகலில் மாணவர்களின் தகடுகளுக்கு நடுவில் நின்றவர். தனிமை அவருக்குக் கட்டுப்படியாகிற இடத்தில் இருந்தது. இரண்டாம் ஆண்டில் நமக்கு அது கட்டுப்படியாகாது.

பார்க்கிறார்கள் என்ற கூச்சத்துக்கு வருகிறேன். ஸ்டுடியோவில் மற்றவர்கள் உங்களைப் பார்ப்பது பெரும்பாலும் தங்கள் படத்தில் மாட்டிக்கொண்டு கண்ணை வேறெங்காவது திருப்ப வேண்டியிருக்கும்போதுதான். நீங்கள் அப்போது அந்தப் பக்கம் இருக்கிறீர்கள், அவ்வளவே. ஆனாலும் இதைச் சொல்லிக் கூச்சம் போகாது. அதனால் உடம்பை வைத்து ஏமாற்றுவோம். முதல் வாரம் அங்கே படம் வரையவே வேண்டாம். கேன்வாஸை இழுத்து ஆணி அடியுங்கள், ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சைப் பூசுங்கள், காய்ந்ததும் தேய்த்து மறுபடி பூசுங்கள். தூளைத் தேய்க்கும்போது முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். இந்த வேலைகளை யாரும் விமர்சிக்க மாட்டார்கள், நன்றாகச் செய்தால் எப்படி இவ்வளவு இறுக்கமாக இழுத்தாய் என்று கேட்பார்கள். இரண்டாவது வாரம் கூட்டம் குறைவான நேரத்தில், சுவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி ஒரு ஈஸலைப் பிடித்து, சார்கோலில் (கரிக்கோல்) பயிற்சிகள் மட்டும் செய்யுங்கள். மூன்றாவது வாரம் வண்ணத்தைத் திறந்தால் அந்த இடம் பழகியிருக்கும்.

இனி அந்த வாக்கியம். 'இதில் நீ எங்கே?' என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன்: அது சோம்பேறித்தனமான வாக்கியம், ஆனால் பொய்யில்லை. எந்த ஆசிரியரும் எந்த மாணவரின் எந்தப் படத்தின் முன்னாலும் நின்று அதைச் சொல்ல முடியும். அதற்குப் பின்னால் இரண்டாவது வாக்கியம் ஒன்று இருந்திருக்க வேண்டும், அவர் அதை உங்களுக்குத் தர வேண்டியிருக்கிறது. போய்க் கேளுங்கள். சண்டைக்குப் போவதுபோல வேண்டாம். படத்தை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போய், "எந்த இடத்தைப் பார்த்தபோது அப்படித் தோன்றியது?" என்று கேளுங்கள். எந்த இடம் என்று கேட்டால் விரலை நீட்டித்தான் ஆக வேண்டும், தத்துவம் பேசித் தப்ப முடியாது.

அடுத்த கிரிட்டிக்குக்குப் போகும்போது நீங்களே ஒரு கேள்வியோடு போங்கள். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் மதிப்பெண்தான் கிடைக்கும். "இடது மூலை வெறுமையாக இருப்பது கனமாகத் தெரிகிறதா, காலியாகத் தெரிகிறதா?" என்று கேட்டால் அறையில் இருக்கும் அத்தனை பேரும் இடது மூலையைப் பார்ப்பார்கள். நடன அமைப்பாளர் லிஸ் லெர்மன் 1990இல் இதற்கு ஒரு முறையை உருவாக்கினார், இன்று பல துறைகளில் புழங்குகிறது. முதலில் பார்த்தவர்கள் தங்களைத் தொட்டது எது, எது நினைவில் நின்றது என்று மட்டும் சொல்ல வேண்டும். பிறகு கலைஞர் கேள்வி கேட்பார். பிறகு பார்த்தவர்கள், தங்கள் தீர்ப்பை உள்ளே ஒளிக்காத கேள்விகளைக் கேட்கலாம். ஏன் இவ்வளவு இருட்டு என்பது தீர்ப்பு ஒளிந்த கேள்வி, வெளிச்சத்தைப் பற்றி என்ன யோசித்தாய் என்பது திறந்த கேள்வி. கடைசியில்தான் அபிப்பிராயம், அதுவும் கலைஞரிடம் அனுமதி கேட்டுவிட்டு. உங்கள் துறையில் இதைக் கொண்டுவரச் சொல்லி மனுப் போட வேண்டியதில்லை. நாலு தோழிகள் சேர்ந்து, தேநீர் நேரத்தில் உங்களுக்குள் செய்து பார்க்கலாம். பெரிய கிரிட்டிக்கில் உங்கள் முறை வரும்போது மட்டும், சொல்வதையெல்லாம் ஒருத்தி எழுதி வைக்கட்டும். அந்த நேரத்தில் நமக்குக் காது சரியாகக் கேட்காது. கசப்பான ஒன்று மட்டும் பெரிதாகக் கேட்கும், மற்ற ஐந்தும் காற்றில் போய்விடும்.

நீளமாகப் பேசுகிறவர்கள் மேல் உங்களுக்குக் கோபம். கொஞ்சம் நியாயமான கோபம்தான், சில பேச்சு வெறும் காற்று. எல்லாமே அப்படியில்லை என்பதையும் கவனியுங்கள். பேசுகிறவர் தான் எடுத்த முடிவுகளைச் சொல்கிறாரா என்று பாருங்கள். "முதலில் பின்னணி நீலமாக இருந்தது, முகம் அதற்குள் போய்விட்டதால் அழித்து மஞ்சள் வைத்தேன், இப்போது மஞ்சளும் சரியில்லை" என்று ஒருவர் சொன்னால் அவர் வேலை செய்கிறவர், அவருக்குப் பக்கத்தில் ஈஸல் போடுங்கள். "அடையாளத்தின் சிதைவை என் படைப்பு கேள்விக்குட்படுத்துகிறது" என்று தொடங்கினால் நீங்கள் ஜன்னலைப் பார்க்கலாம். நீங்கள் பேசுவதற்கும் இதே வழிதான். என்ன செய்தேன், எதை அழித்தேன், எதை அழிக்க மனம் வரவில்லை. இந்த மூன்றைச் சொன்னாலே ஐந்து நிமிடம் ஓடிவிடும், அப்புறம் படத்துக்கு எழுதித் தர வேண்டிய குறிப்பும் அதுவே. ஆனால் ஒரே இரவில் அறைக்குள் முடித்த படத்தில் அழித்தது எது என்று உங்களுக்கே நினைவிருக்காது.

பாணியைப் பற்றி. ஓவியர் ஜோசப் ஆல்பர்ஸ் 1888இல் பிறந்தவர். முதலில் பள்ளி ஆசிரியர். பௌஹவுஸில் கண்ணாடித் துண்டுகளை வைத்து வேலை செய்தார், அங்கேயே ஆசிரியரானார். அது 1933இல் மூடப்பட்டதும் அமெரிக்காவில் பிளாக் மவுண்டன் கல்லூரிக்குப் போனார். இன்று அவர் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வருகிற, சதுரத்துக்குள் சதுரமாக அடுக்கிய ஓவிய வரிசையைத் தொடங்கியது 1950இல். அப்போது அவருக்கு 62 வயது. 1976இல் இறக்கும்வரை அதையே செய்தார், ஆயிரத்துக்கும் மேல். அவர் மனைவி ஆனி ஆல்பர்ஸ் பௌஹவுஸில் சேர்ந்தபோது நெசவுப் பட்டறைக்குப் போக விருப்பமே இல்லாமல்தான் போனார். நூல் என்றால் சாதுவான வேலை என்று அவருக்கு ஓர் எண்ணம். 1949இல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் தனிக் கண்காட்சி வைத்த முதல் நெசவுக் கலைஞர் அவர்தான். இருவருமே இருபது வயதில் பாணியைத் தேடிக்கொண்டிருக்கவில்லை. கிடைத்த பொருளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

உங்களுக்கு ஒரு குறிப்பான பயிற்சி தருகிறேன், ஏனென்றால் உங்கள் பிரச்சினை குறிப்பானது. நீங்கள் எதிரில் இருப்பதை அப்படியே பிடித்துவிடுகிறீர்கள். அதனால் கண்ணுக்கும் கைக்கும் நடுவில் நீங்கள் தேவைப்படுவதே இல்லை. ஆசிரியர் சொன்னதன் அர்த்தம் இதுவாகத்தான் இருக்கும். அந்தத் தொடர்பைக் கொஞ்ச நேரம் அறுத்துவிட வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் லெகோக் த புவாபோத்ரான் என்ற ஆசிரியர் நினைவிலிருந்து வரைவதையே பாடமாக வைத்திருந்தார். மாணவர்கள் முதலில் எளிய வடிவங்களைப் பார்த்து மனதில் வைத்து வரைவார்கள். தேறியவர்கள் லூவ்ர் அருங்காட்சியகத்துக்குப் போய் ஓர் ஓவியத்தைப் பார்த்துவிட்டு, பள்ளிக்குத் திரும்பி வந்து வரைவார்கள். சிற்பி ரோதானும் ஓவியர் ஃபாந்தேன் லாதூரும் அவரிடம் படித்தவர்கள்.

நீங்கள் இப்படிச் செய்யுங்கள். ஒரே ஆளின் முகம், ஒரே அளவுக் காகிதம், சார்கோல் மட்டும். அறைத்தோழி இன்னும் பேசிக்கொண்டிருந்தால் அவரையே உட்கார வைக்கலாம், சமாதானத்துக்கும் ஆகும். பத்து நிமிடம் சும்மா பாருங்கள். கையில் எதுவும் இருக்கக் கூடாது, விரல்கூடக் காற்றில் வரையக் கூடாது. பிறகு எழுந்து ஸ்டுடியோவுக்குப் போய் வரையுங்கள். மறந்த இடத்தில் ஊகித்து நிரப்பாதீர்கள், வெறுமையாக விடுங்கள். அடுத்த நாள் முந்தைய படத்தைப் பார்க்காமல் மறுபடியும். இரண்டு மூன்று வாரம் தினம் ஒன்று.

முதல் சில படங்கள் கேவலமாக இருக்கும், அச்சு அசலாக வரைபவர்களுக்கு இன்னும் கேவலமாக இருக்கும். அதை எதிர்பார்த்தே போங்கள். வாரக் கடைசியில் எல்லாவற்றையும் சுவரில் வரிசையாகக் குத்தி வைத்துப் பாருங்கள். ஒரு முறை மட்டும் தவறியது தவறு, அதை விட்டுவிடலாம். ஒவ்வொரு படத்திலும் திரும்ப வருவதைக் கவனியுங்கள். கண்கள் எப்போதும் உள்ளதைவிடப் பெரிதாக வருகின்றனவா? காதை ஒரு நாளும் நினைவு வைக்கவில்லையா? கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலுள்ள கோடு மட்டும் தினமும் உயிரோடு வருகிறதா? உங்கள் மனம் எதை வைத்துக்கொள்கிறது, எதைக் கைவிடுகிறது என்பதன் பதிவு அது. வேறு ஒருத்தி அதே முகத்தைப் பார்த்திருந்தால் வேறு பட்டியல் வந்திருக்கும். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அடுத்த பெரிய கேன்வாஸில் வேண்டுமென்றே தள்ளிக்கொண்டு போய்ப் பாருங்கள். கழுத்துதான் உங்களுக்கு வருகிறது என்றால் முகமே இல்லாத உருவப்படம் வரையலாமே. அதற்குப் பெயர் பாணியா என்பதைப் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அச்சு அசலாக வரையும் கை குறையில்லை, அதற்காக வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காதீர்கள். ஓவியத் துறைக்கு வெளியே அதைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். தொல்லியலில் பானை ஓட்டையும் கற்கருவியையும் இன்றும் கையால் வரைகிறார்கள். பானையின் சுவர்த் தடிமனும் வெட்டுத் தோற்றமும் புகைப்படத்தில் விழாது, வரைபவர் அளந்து வரைந்தால்தான் உண்டு. தாவரவியலில் ஒரு புதிய செடியை விவரிக்கும்போது கோட்டுப் படம் சேர்ப்பது வழக்கம், ஏனென்றால் பூவின் உறுப்புகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்ட வேண்டும், வாடிய இலையை வாடாததாகப் பார்க்கத் தெரிய வேண்டும். இந்தத் துறைகள் உங்கள் வளாகத்திலேயே, நடந்து போகும் தூரத்தில் இருக்கலாம். போய்க் கதவைத் தட்டி, "நான் நுண்கலை மாணவி, உங்கள் மாதிரிகளை வரையலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். தனிக் கலைக்கல்லூரியில் படிப்பவர்களுக்கு இந்த வாய்ப்பு சுலபத்தில் அமையாது. பல்கலைக்கழகத்தில் ஓவியம் படிப்பதன் பெரிய லாபம் எனக்கு இதுதான் என்று தோன்றும், ஆனால் ஓவிய மாணவர்கள்தான் தங்கள் கட்டடத்தை விட்டு வெளியே வருவதில்லை.

கட்டடத்துக்கு உள்ளேயும் அப்படித்தான். அச்சு இயந்திரம், சூளை, இருட்டறை, மர வேலைக்கான ரம்பம், இவற்றில் எதை நீங்கள் தொட்டிருக்கிறீர்கள்? படித்து முடித்துப் போனவர்களிடம் எது இல்லாமல் கஷ்டமாக இருக்கிறது என்று கேட்டால் பாடத்தைச் சொல்ல மாட்டார்கள். அச்சு இயந்திரத்தைச் சொல்வார்கள், சூளையைச் சொல்வார்கள், இரவு பத்து மணிக்கும் பேச்சுத் துணைக்கு ஆள் இருந்ததைச் சொல்வார்கள். சொந்தமாக வாங்கி வைக்கிற சாமான்கள் இல்லை அவை. அடுத்த செமஸ்டரில் விருப்பப் பாடமாக அச்சுக்கலையோ மண்பாண்டமோ எடுங்கள். நான் அச்சுக்கலை என்றுதான் சொல்வேன், பாரபட்சம் உண்டு என்று முன்பே சொல்லியாகிவிட்டது. உங்களைப் போல முடித்துத்தான் காட்டுவேன் என்பவர்களுக்கு, ப்ரூஃப் எடுத்துக் கயிற்றில் எல்லார் கண்ணிலும் படும்படி காயப்போட்டே ஆக வேண்டிய வேலை நல்ல மருந்து.

துறை மாற்றத்துக்குச் சுருக்கமாகவே பதில் சொல்கிறேன். டிசைனிலும் கிரிட்டிக் உண்டு. வாடிக்கையாளர் என்று ஒருவர் கற்பனையில் நடுவில் உட்கார்ந்திருப்பதால் அங்கே இன்னும் கறாராக இருக்கும், பாதி வேலையை வாரா வாரம் காட்டவும் வேண்டும். இங்கேயிருந்து தப்பிப் போவதற்காக அது சரிவராது. ஒரு பொருளை இன்னொருவர் பயன்படுத்தும்படி யோசிப்பது உங்களுக்குப் பிடிக்கிறது என்றால் அது வேறு விஷயம், அப்போது தாராளமாகப் போகலாம். முடிவெடுக்கும் முன்னால் அவர்களுடைய வகுப்பில் அனுமதி கேட்டுச் சில நாள் பின்வரிசையில் உட்காருங்கள். கிரிட்டிக் நடந்த வாரத்தில் விண்ணப்பத்தை நிரப்பாதீர்கள். மாறுவதற்குக் கடைசித் தேதி எது, இதுவரை எடுத்த பாடங்களில் எவ்வளவு அங்கே செல்லும் என்பதை மட்டும் அலுவலகத்தில் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஸ்கெட்ச்புக். கிழித்த பக்கங்களுக்குப் பதிலாக அவசர அவசரமாகப் பழைய தேதி போட்டுப் புதுப் பக்கங்கள் வரையாதீர்கள். மதிப்பிடுகிறவர்களுக்கு அது பார்த்த மாத்திரத்தில் தெரியும். நிறைய ஸ்கெட்ச்புக் பார்த்தவர்கள் அவர்கள். ஒரே பேனா, ஒரே வேகம், ஒரே மனநிலை, காட்டிக்கொடுத்துவிடும். கிழிந்தது கிழிந்ததாகவே இருக்கட்டும், கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். கிழித்த தாள்கள் குப்பைக்குப் போகாமல் எங்காவது கிடந்தால் எடுத்து ஓர் உறையில் போட்டுக் கடைசி அட்டையில் ஒட்டிவிடுங்கள். தொலைபேசியில் பழைய படங்களின் நடு நிலைகள் ஏதாவது தப்பிப் பிழைத்திருந்தால் அச்செடுத்து ஒட்டி, பக்கத்தில் என்ன மாற்றினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். அவர்கள் ஸ்கெட்ச்புக்கில் தேடுவது அழகான பக்கங்களை அல்ல, படம் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்பதைத்தான். இனி வாங்கும் புத்தகத்தில், முதல் கோடு போடும் முன்பே எல்லாப் பக்கங்களுக்கும் எண் போட்டுவிடுங்கள். நடுவில் 17 காணாமல் போனால் யாராவது கேட்பார்கள் என்ற நினைப்பே கையைப் பிடித்து நிறுத்தும். நினைவிலிருந்து வரையும் அந்த முகங்களையும் அதிலேயே ஒட்டலாம், முதல் நாளின் கேவலமான முகம் உட்பட.